‘தாத்தா ஆர்மியில இருந்தாராம்...’ எந்த ராணுவம்? கண்டுபிடிப்பது எப்படி?

தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். சீருடையில் ஓர் இளைஞர்.

"இவர் யாரு?" என்று கேட்கிறீர்கள்.

"உன் கொள்ளுத் தாத்தா. ஜப்பான்காரன் காலத்துல ஆர்மியில இருந்தாராம்" என்கிறார் பெரியம்மா.

அவ்வளவுதான். எந்த ராணுவம், எங்கே போனார், எப்போது திரும்பினார்... அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு வரிக் கதை உண்டு. அதைப் பத்து வரியாக்க முடியுமா? பல நேரங்களில் முடியும். ஆனால் எங்கே தேடுவது என்பது ஒரே ஒரு கேள்வியின் பதிலைப் பொறுத்தது: அவர் இருந்தது எந்த ராணுவம்?

முதலில் கொஞ்சம் பின்னணி

1942 பிப்ரவரி 15: பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்தது. சிங்கப்பூர் ‘சியோனான்’ ஆனது.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலுக்கு அழைக்கப்பட்டனர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்குப் போக, இந்தியர்கள் மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டனர். 40,000க்கும் அதிகமானோர் திரண்டதாகக் கணக்கு. அங்கே அவர்களை ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவிடம் பிரிட்டிஷ் தரப்பு ஒப்படைத்தது. கேப்டன் மோகன் சிங் அவர்களிடம் பேசினார். பிரிட்டனை எதிர்த்து இந்தியாவின் விடுதலைக்காகப் போராட ஒரு படை அமையவிருக்கிறது, சேருங்கள் என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் இந்திய தேசிய ராணுவம். சுருக்கமாக ஐஎன்ஏ.

ஜப்பானியர்களுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1942 டிசம்பரில் மோகன் சிங் கைதானார். முதல் ஐஎன்ஏ கலைந்தது. 1943 ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமைப் பொறுப்பை சுபாஷ் சந்திர போஸ் ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படை அணிவகுப்பு. அதன் பிறகுதான் சிப்பாயாக இருந்திராத சாதாரண மக்கள் பெருமளவில் சேர்ந்தார்கள்: மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள், கடை ஊழியர்கள், எழுத்தர்கள், மாணவர்கள். அவர்களில் ஏராளமானோர் தமிழர்கள்.

இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவின் கதை எங்கே பொருந்துகிறது என்று பார்க்க அவை உதவும்.

‘ஆர்மி’ என்றால் எத்தனை ஆர்மி?

வீட்டில் ‘ஆர்மி’ என்று சொல்வது கீழே உள்ளவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

1. பிரிட்டிஷ் இந்திய ராணுவம். இந்தியாவில் படையில் சேர்ந்து கப்பலில் இங்கு வந்தவர். தமிழர்கள் பலர் ‘மெட்ராஸ் சேப்பர்ஸ்’ என்ற பொறியாளர் படையிலும், போக்குவரத்து, மருத்துவத் துணைப் பிரிவுகளிலும் இருந்தனர். சரணடைந்த பிறகு இவர்களில் ஒரு பகுதியினர் ஐஎன்ஏவில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்கள் போர்க் கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூ கினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினர். பலர் திரும்பவே இல்லை.

2. ஐஎன்ஏ, முன்னாள் சிப்பாய். முதலில் பிரிட்டிஷ் படை, பிறகு ஐஎன்ஏ.

3. ஐஎன்ஏ, உள்ளூர்வாசி. சிங்கப்பூரிலோ மலாயாவிலோ வாழ்ந்து, பெரும்பாலும் 1943 ஜூலைக்குப் பிறகு சேர்ந்தவர்.

4. ஜான்சி ராணிப் படை. தாத்தாதான் என்று ஏன் நினைக்க வேண்டும்? பாட்டியாகவும் இருக்கலாம்! சென்னையில் பிறந்து 1940இல் சிங்கப்பூர் வந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த பெண்கள் படை அது. 1943 அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த இளம் தமிழ்ப் பெண்கள்.

5. சயாம் ரயில் பாதை. "தாத்தா ஜப்பான்காரன்கூட சயாமுக்குப் போனார்" என்று சொன்னால் அது படைச் சேவையாக இல்லாமல் இருக்கலாம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த சுமார் 415 கிலோமீட்டர் ‘மரண ரயில் பாதை’யில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையாக வேலை வாங்கப்பட்டனர்.

6. ஜப்பானியத் துணைப்படை. ‘ஹெய்ஹோ’ என்ற பெயர் உங்கள் வீட்டில் அடிபட்டால், அது ஜப்பானிய ராணுவத்தின் உள்ளூர்த் துணைப்படை.

7. ஏஆர்பி, மருத்துவத் துணைச் சேவை. 1941-42இல் குண்டு வீச்சின்போது மக்களைக் காக்க இயங்கிய குடிமைத் தற்காப்புப் பிரிவுகள். சீருடை உண்டு. ராணுவம் இல்லை.

8. ‘பேஸ்’ வேலை. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் மற்ற பிரிட்டிஷ் முகாம்களிலும் வேலை செய்த சிவிலியன்கள். பிரிட்டிஷ் படை 1971இல் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் வரை இந்த வேலைகள் இருந்தன. "தாத்தா பிரிட்டிஷ்காரன்கிட்ட இருந்தார்" என்பது 1955ஆம் ஆண்டுக் கதையாகவும் இருக்கலாம்.

ஒருவரே இவற்றில் இரண்டு, மூன்றில் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு.

தேடல் தொடங்கும் இடம்: வீடு

இணையத்துக்குப் போகும் முன்பு பெரியவர்களிடம் போங்கள். காரணம் எளிது. 1943இல் 18 வயது இளைஞர் என்றால் அவர் பிறந்தது 1925. அவரைக் கேட்கும் வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது. அவர் சொல்லக் கேட்டவர்கள், அதாவது அவருடைய பிள்ளைகளும் தம்பி தங்கைகளும், இப்போது முதியவர்கள். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். அத்தையின் ஞாபகம்?

"தாத்தா பத்திச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், "நல்ல மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்:

• "அப்ப அவரு எங்க இருந்தாரு? இந்தியாவுல இருந்து பட்டாளத்தோட வந்தாரா, இல்ல ஏற்கெனவே இங்க வேலை பார்த்தாரா?" - இந்த ஒரு பதில் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

• "எந்தக் கேம்ப் பேரு சொல்லுவாரு?" - பிடாடாரி, நீ சூன், சிலேத்தார் போன்ற பெயர்கள் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் இந்தியப் படையினரின் முகாம்கள் இருந்தன.

• "இந்தி பேசுவாரா?" - தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு இந்தி தெரிந்திருந்தால் கவனியுங்கள். ஐஎன்ஏவில் இந்துஸ்தானி கற்றுத்தரப்பட்டது, அதுவும் ரோமன் எழுத்தில்.

• "யாரையாவது பார்த்தா ‘ஜெய் ஹிந்த்’னு சொல்லுவாரா?" - ஐஎன்ஏவில் வணக்கம் சொல்லும் முறை அது.

• "பர்மா, இம்பால்னு ஏதாவது சொன்னாரா?" - 1944இல் ஐஎன்ஏ ஜப்பானியப் படையுடன் சேர்ந்து இம்பாலை நோக்கிச் சென்றது. அந்தப் படையெடுப்பு தோற்றது. பசியும் மலேரியாவும் குண்டுகளுக்குச் சமமாக உயிர் பறித்தன.

• "திரும்பி வந்தப்ப எப்படி இருந்தாரு? யார்கூட வந்தாரு?" - கூட வந்த நண்பரின் பெயர்கூட ஒரு தடயம்.

• "இந்தியாவுல இருந்து பென்ஷன் வந்துச்சா?" - இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கேட்கும்போது கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். அவர் அழுதால், "போதும்பா" என்றால், நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அலமாரியில் என்ன இருக்கும்?

பழைய தகரப்பெட்டி, சாமி அறை, பீரோவின் மேல் தட்டு... பார்க்க வேண்டியவை இவை.

படங்கள்: முன்பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் ஸ்டூடியோ முத்திரை, தேதி, பெயர் இருக்கலாம். சீருடையில் தோள்பட்டை, தொப்பி, சட்டைக் கை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாயும் புலிச் சின்னம் என்றால் ஐஎன்ஏ.

பதக்கங்கள்: ‘பசிபிக் ஸ்டார்’, ‘பர்மா ஸ்டார்’ போன்றவை பிரிட்டிஷ் தரப்புச் சேவைக்குத் தரப்பட்டவை. விளிம்பையும் பாருங்கள். சிலவற்றில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

தாமிரப் பட்டயம்: இந்திய விடுதலையின் 25ஆம் ஆண்டையொட்டி 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு இந்திய அரசாங்கம் செப்புப் பட்டயம் வழங்கியது. முன்னாள் ஐஎன்ஏ வீரர்கள் பலருக்கும் கிடைத்தது.

ரசீதுகளும் அட்டைகளும்: இந்திய சுதந்திர லீக் என்பது ஐஎன்ஏவுக்குப் பின்னால் இருந்த பொதுமக்கள் அமைப்பு. அதன் உறுப்பினர் அட்டை இருந்தால் அவர் இயக்கத்தில் இருந்தார் என்று பொருள். படையில் இருந்தார் என்பதற்கு அது மட்டும் போதாது.

கடிதங்கள்: பழைய தமிழ் எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். லை, ணை, னை, றா போன்ற எழுத்துகள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு வேறு வடிவத்தில் எழுதப்பட்டன. பாட்டியிடமோ தமிழாசிரியரிடமோ காட்டினால் கடகடவென்று படித்துவிடுவார்கள்.

ஒரு தாளில் ஆண்டு ‘2603’ என்று இருக்கிறதா? அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழியுங்கள். 1943 வரும்.

எதையும் லேமினேட் செய்யாதீர்கள். டேப் ஒட்டாதீர்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்து, மூலத்தை வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

பெயரில்தான் பெரிய சிக்கல்

தாத்தாவின் பெயர் முத்துசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ஆவணத்தில் அவர் பெயரை எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத ஓர் எழுத்தர். கேட்டதை அப்படியே எழுதியிருப்பார். ஒரே பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள் வரலாம். முத்து தனி, சாமி தனி என்று பிரித்தும் எழுதியிருக்கலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கலாம். ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ அந்த இடத்தில் ஏறியிருக்கலாம்.

ஆகவே, தேடும் முன்பு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

• அவர் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும்
• அவருடைய அப்பா பெயர், மனைவி பெயர்
• சொந்த ஊர், தாலுகா, மாவட்டம்

மாவட்டப் பெயரும் பழைய பெயராக இருக்க வேண்டும். தஞ்சாவூர் அப்போது ‘டாஞ்சூர்’. திருச்சி ‘டிரிச்சினாப்பள்ளி’. ராமநாதபுரம் ‘ராம்நாட்’. வேலூர் வட்டாரம் ‘நார்த் ஆர்க்காட்’.

பழைய அடையாள அட்டை, குடியுரிமைச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஆங்கிலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ‘ரஜுலா’ கப்பலில் வந்த டிக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் எங்கே தேடலாம்?

தேசிய ஆவணக் காப்பகம்: கேனிங் ரைஸில் இருக்கிறது. அதன் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கப்பட்டது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் பற்றிய நேர்காணல்களை 1981 முதல் சேகரித்தது. தமிழில் கொடுக்கப்பட்ட நேர்காணல்களும் உண்டு. காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடலாம், பலவற்றை அங்கேயே கேட்கலாம். சிலவற்றுக்கு மட்டும் முன் அனுமதி வேண்டும்.

உங்கள் தாத்தா அங்கே பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகாமில் இருந்த வேறொருவர் பேசியிருந்தாலே போதும். என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பயிற்சி, எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அவர் குரலிலேயே கிடைக்கும். உங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டதை இன்னொரு வீட்டுத் தாத்தா சொல்லியிருப்பார்.

பழைய நாளிதழ்கள்: தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில் ஆக்கிரமிப்புக் கால ஆங்கில நாளிதழான சியோனான் ஷிம்புன் இருக்கிறது. அது ஜப்பானியர் நடத்திய பத்திரிகை என்பதை மறக்காமல் படியுங்கள். போருக்கு முன்பும் பின்பும் 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசு உண்டு. தமிழ்ச் சொல்லைத் தட்டினால் எல்லாப் பக்கமும் சிக்காது. தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே நல்லது.

கிராஞ்சி போர் நினைவகம்: நினைவுச் சுவர்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள். எல்லாரும் கல்லறை இல்லாமல் மறைந்தவர்கள். அதற்குப் பின்னால் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கானது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். கிராஞ்சிக்குப் போகிற பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரை இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட இருக்கும். கையில் எழுதி வைத்த தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பட்டியல் உயிரிழந்தவர்களுக்கானது. தாத்தா உயிரோடு வீடு திரும்பியிருந்தால் அவர் பெயர் அங்கே இருக்காது. அடுத்து, அது காமன்வெல்த் படைகளுக்கான பட்டியல். ஐஎன்ஏவில் சேர்ந்து போரிட்டு இறந்த உள்ளூர்த் தமிழரை அங்கே தேடிப் பயனில்லை.

இந்திய மரபுடைமை நிலையம்: தேக்காவில், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்டது. ஐஎன்ஏ தொடர்பான பொருள்களை அங்கே பார்க்கலாம். உங்கள் வீட்டில் இருக்கும் சின்னத்தையோ அட்டையையோ ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம்.

ஃபோர்ட் தொழிற்சாலை: அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் உள்ள இந்தக் கட்டடத்தில்தான் பிரிட்டிஷ் தரப்பு சரணடைந்தது. இப்போது ஆவணக் காப்பகத்தின் காட்சிக்கூடம்.

வெளிநாட்டில் எங்கே கேட்கலாம்?

பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய் என்றால்: சாதாரணச் சிப்பாய்களின் பணிப் பதிவுகள் லண்டனில் இல்லை. விடுதலைக்குப் பிறகு அவை இந்திய, பாகிஸ்தானியப் படைகளின் வசம் சென்றன. அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டன். படை எண் தெரிந்தால் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அதனால்தான் பதக்க விளிம்பைப் பார்க்கச் சொன்னோம்.

ஐஎன்ஏ என்றால்: டில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம். ஐஎன்ஏ தொடர்பான 990 கோப்புகளை 1997இல் இந்தியத் தற்காப்பு அமைச்சு அதனிடம் ஒப்படைத்தது. காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையத்தளத்தில் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே தேடலாம்.

லண்டன்: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும், கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டபிள்யூஓ 208’ உளவுத்துறைத் தொகுப்பிலும் ஐஎன்ஏ பற்றிய கோப்புகள் உள்ளன. தனிமனிதரின் பெயர் கிடைப்பதைவிட, அவருடைய பிரிவு எங்கே இருந்தது என்பது கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாடு: குடும்பத்தில் ஒரு கிளை ஊருக்குத் திரும்பிவிட்டதா? முன்னாள் ஐஎன்ஏ வீரர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியம் பெற்றனர். மத்திய அரசாங்கத்தின் திட்டம் 1972இல் தொடங்கியது. மாநில அரசாங்கத்துக்கும் தனித் திட்டம் உண்டு. விண்ணப்பத்தில் அவர் தம் சேவையை விவரித்து, உடன் இருந்தவர்களிடம் சான்று வாங்கியிருப்பார். அதன் நகல் ஊரில் சித்தப்பா வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுப் பாருங்களேன்.

பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார் என்றால்: ஜாய்ஸ் லெப்ராவின் ‘விமன் அகெய்ன்ஸ்ட் தி ராஜ்’ என்ற ஆங்கில நூல் 2008இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. பயிற்சி முகாம், பர்மாப் பயணம், திரும்பி வந்த வழி என்று பின்னணியைப் புரிந்துகொள்ள உதவும்.

எல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையா?

பலருக்கு அப்படித்தான் ஆகும். அதற்குக் காரணம் இருக்கிறது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐஎன்ஏவில் இருந்த முன்னாள் சிப்பாய்களை விசாரித்தனர். ‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ என்று மூன்று வகையாகப் பிரித்தனர். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் மூன்று அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. விசாரித்த இடத்தில் காகிதம் சேரும். அவர்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் படையில் இருந்தவர்கள் என்பதால் பழைய பதிவும் உண்டு.

தோட்டத்திலிருந்து வந்த தமிழர் நிலை வேறு. அவர் பிரிட்டிஷ் படையில் இருந்ததில்லை. அங்கே அவருக்குப் பதிவு இல்லை. அவரைச் சேர்த்துக்கொண்ட படையோ 1945இல் கலைந்துவிட்டது. போரின் கடைசி மாதங்களில் பல ஆவணங்கள் அழிக்கப்பட்டன. அவர் பெரும்பாலும் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் வேலைக்குப் போய்விட்டார்.

சயாம் போனவர் நிலை இன்னும் மோசம். அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

ஆகவே, ஆவணம் இல்லை என்பதால் வீட்டுக் கதை பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சமயம், தெரியாததை நிரப்பி எழுதியும் விடாதீர்கள். ‘அத்தை சொன்னது’, ‘படத்தில் இருப்பது’, ‘ஆவணத்தில் கிடைத்தது’ என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கும்போது எதை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களுக்கே தெரியும்.

வீட்டுக் கதையோடு ஒத்துப்போகாவிட்டால்?

இதற்கும் தயாராக இருங்கள்.

"நேதாஜியோட பேச்சைக் கேட்டு உடனே சேர்ந்தார்" என்பது வீட்டில் சொல்லும் கதை. தேடினால், அவர் சேர்ந்தபோது தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை என்று தெரியவரலாம். சயாமுக்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில் ஐஎன்ஏவில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நாட்டுப்பற்றும் பசியும் பயமும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் இருக்க முடியும்.

அல்லது, ஐஎன்ஏ வீரர் என்று நினைத்தவர் அதில் சேர மறுத்த கைதியாக இருந்திருக்கலாம். ‘எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன்’ என்று நின்றவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவர் கொடுத்த விலையும் பெரியது.

அல்லது, அவர் படையிலேயே இல்லை, ரயில் பாதைக் கூலி என்று தெரியவரலாம். வெட்கத்தால் ‘ஆர்மி’ என்று சொல்லியிருப்பாரோ? அல்லது பிள்ளைகள் அப்படிப் புரிந்துகொண்டார்களோ? எதுவானாலும், அங்கிருந்து உயிரோடு திரும்பியது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர்களிடம் இதைச் சொல்லும் விதத்தில் கவனம் தேவை. "நீங்க சொன்னது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்படி ஒரு தாள் கிடைச்சுது பெரியம்மா, பார்க்கிறீங்களா?" என்று உட்கார்ந்து காட்டுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்கே புதிதாக ஏதாவது ஞாபகம் வரலாம்.

ஒரு சனிக்கிழமை நடை

தேடல் திரையிலேயே முடிய வேண்டாம். வீட்டுப் பெரியவரால் நடக்க முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

காலையில் ஃபேரர் பார்க்கில் தொடங்குங்கள். பக்கத்துச் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஏன் பெயர்? ஒரு காலத்தில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1942இல் சிப்பாய்கள் கூடியதும் அந்த வட்டாரத்தில்தான்.

அங்கிருந்து கேம்பல் லேன் மரபுடைமை நிலையம். தேக்காவில் ஒரு தேநீர். பிறகு வாட்டர்லூ ஸ்திரீட். புடவையை மாற்றிச் சீருடை போட்ட பெண்கள் பயிற்சி பெற்ற தெரு அது. அடுத்து கேத்தே கட்டடம். பழைய முகப்பு இன்னும் நிற்கிறது. 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை போஸ் அறிவித்தது அங்கேதான்.

கடைசியாகப் பாடாங்கைக் கடந்து எஸ்பிளனேட் பூங்கா. ஐஎன்ஏவில் உயிர்நீத்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. போஸ் 1945 ஜூலை 8ஆம் தேதி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டனர். 1995இல் அதே இடத்தில் ஒரு நினைவுக் குறிப்புப் பலகை வைக்கப்பட்டது. தனி ஆளின் பெயர் எதுவும் அதில் இல்லை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. வீட்டில் வயதில் மூத்தவர் யார்? அவரை அழைத்து ஒரு நேரம் குறியுங்கள்.

2. மேலே உள்ள கேள்விகளில் மூன்றை மட்டும் கேளுங்கள். பதிவு செய்யுங்கள்.

3. கோப்புக்குப் பெயர், தேதி, பேசியவர், அவருக்குத் தாத்தா என்ன உறவு என்று எழுதி வையுங்கள். ‘ஆடியோ 47’ என்று விட்டுவிட்டால் ஒரு வருஷத்தில் உங்களுக்கே தெரியாது.

4. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைச் சட்டத்திலிருந்து கவனமாக எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். இரு பக்கமும் படம் பிடியுங்கள்.

5. பெயரின் எழுத்துக்கூட்டல்களை எழுதி, ஆவணக் காப்பகத் தளத்திலும் போர்க் கல்லறை ஆணையத் தளத்திலும் ஒருமுறை தேடுங்கள்.

6. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, "இவரைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள்.

ஏதாவது கிடைத்தால் அதன் நகலைக் குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். அரிய பொருள் என்றால் ஆவணக் காப்பகத்திடமோ மரபுடைமை நிலையத்திடமோ பேசிப் பாருங்கள். காப்பகத்தில் தமிழர்களின் குரல் எவ்வளவு இருக்கிறது என்பது, நம் வீட்டுப் பெட்டிகளிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் பொறுத்தது.

அடுத்த தீபாவளிக்கு வீட்டில் ஒரு குட்டி அதே படத்தைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்கும். பதில் சொல்ல நீங்கள் இருப்பீர்கள். குறைந்தது, எந்த ராணுவம் என்றாவது சொல்லலாம்.